அவனுடைய அம்மா எங்கே? புதிய டிஎம்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

முதல் முறையாக டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) நாற்காலியில் உட்காரப்போகும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்தக் கடிதம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டரை வைத்துக்கொண்டு ஆடுவார்கள். ஊர், மலை, மழை, சத்திரக்காரர், எதிரி எல்லாம் உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். அந்தப் பொறுப்பை உணர்ந்துதான் ஆட்டம் தொடங்கப் பல நாள் முன்பே உங்களில் பலர் வில்லனை எழுதி என்னிடம் காட்டுகிறீர்கள். ஒவ்வொன்றையும் ஆசையாகப் படிக்கிறேன். அதில் ஒரு ஆள் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறான். ஹாஃப்-ஆர்க். கிளெரிக். அதாவது பூசாரி, ஆர்க்குகளின் ஒற்றைக்கண் கடவுளான குரூம்ஷின் பக்தன். வாயில் கோரைப்பல், கழுத்தில் மண்டையோட்டு மாலை, குகைக்குள் பலிபீடம். இவன் ஏன் இப்படி ஆனான் என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரே வரி: பாதி ஆர்க் ரத்தம்.

அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். வில்லனையே அடிக்கச் சொல்லவில்லை. இந்த ஆட்டம் நமக்குத் தந்திருக்கும் நல்ல வில்லன்களில் ஹாஃப்-ஆர்க் கிளெரிக்கும் ஒருவன். ஆனால் அவன் கெட்டதனம் ரத்தத்தில் இருக்கிறது என்று நீங்கள் எழுதிவிட்டால், அவன் செய்வது எதற்கும் அவன் பொறுப்பில்லை என்றாகிவிடும். புலி மானை அடித்தால் புலியை வில்லன் என்று சொல்வதில்லை. அவன் கும்பிடுவதில், வாக்குக் கொடுப்பதில், யாரைக் காப்பாற்றுவது யாரை விட்டுவிடுவது என்று முடிவெடுப்பதில் அந்தக் கெடுதல் இருந்தால்தான் அவன் வில்லன்.

நான் முதலில் நடத்திய ஆட்டத்தில் இதே தவறைச் செய்தேன். ஐந்து செஷன் ஓடி, ஆறாவது செஷனில் எல்லோரும் குகைக்குள் வந்துவிட்டார்கள். என் வில்லன் பலிபீடத்தின் முன்னால் நிற்கிறான். வில்லாளியாக ஆடிய பெண் அம்பைத் தொடுத்துவிட்டாள், பகடையை உருட்டினால் போதும். கையில் எடுத்த இருபது முகப் பகடையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: “அண்ணா, இவனோட அம்மா எங்க?”

எனக்குப் புரியவில்லை. “எந்த அம்மா?” என்றேன்.

“பாதி மனுஷன்னு சொன்னீங்கல்ல. அப்ப அம்மாவோ அப்பாவோ ஒருத்தர் மனுஷங்கதானே? அவங்க இருக்காங்களா, செத்துட்டாங்களா? இவன் இங்க இருக்கிறது அவங்களுக்குத் தெரியுமா?”

என்னிடம் பதில் இல்லை. மூன்று பக்கம் எழுதியிருந்தேன். அவனுடைய ஆயுதம், அவன் மந்திரங்கள், குகையின் படம், பொறிகள் எல்லாம் இருந்தன. அவனைப் பெற்றவளைப் பற்றி ஒரு சொல் இல்லை. “அம்பு விடுறியா இல்லையா” என்றேன். அவள் உருட்டினாள், 17 விழுந்தது, அவன் செத்தான். யாரும் கைதட்டவில்லை. அன்று எல்லோரும் சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். பிறப்பைச் சொல்லி ஆளை எடைபோடும் பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். பொழுதுபோக்குக்காக ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்த இடத்திலும் அதையே அவளுக்குக் கொடுத்திருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு பழைய விதிப் புத்தகங்களைத் தேடிப் படித்தேன். வில்லனுக்குத் தேவையான எல்லாமே அங்கே கிடைத்தது.

முதலில் கிளெரிக். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதிய இந்த ஆட்டம் 1974-ல் ஒரு பெட்டியில் மூன்று சிறு புத்தகங்களாக வெளிவந்தது. அதற்கு முன்பே ஆர்னெசன் மினசோட்டாவில் பிளாக்மூர் என்ற தன் சொந்த உலகத்தை வைத்து ஆட்டம் நடத்திக்கொண்டிருந்தார். அங்கே ஒருவர் சர் ஃபாங் என்ற ரத்தக்காட்டேரியாக ஆட, அவனை யாராலும் அடக்க முடியாமல் போயிற்று. அவனை எதிர்த்து நிற்க ஒரு ஆள் வேண்டுமென்றுதான் கிளெரிக் உருவானான். பழைய டிராகுலா படங்களில் பீட்டர் குஷிங் நடித்த வான் ஹெல்சிங்கின் சாயல் அவனிடம் உண்டு. கையில் சிலுவை, தோளில் கவசம். கூர்மையான ஆயுதம் எடுக்கக் கூடாது என்று விதி, அதனால் தண்டாயுதம். ஆக கிளெரிக் பிறந்ததே இருட்டிலிருந்து மனிதர்களைக் காப்பாற்றத்தான். அந்த 1974 புத்தகத்திலேயே அவனுக்கு எதிராளியும் இருக்கிறான்: ஆன்டி-கிளெரிக். அவனுக்கென்று தனி மந்திரங்கள் பெரிதாக இல்லை. காயத்தை ஆற்றும் அதே மந்திரத்தைத் தலைகீழாக்கிக் காயம் உண்டாக்குவான். இறந்தவரை எழுப்பும் மந்திரம் அவன் விரலில் உயிரைப் பறிக்கும் மந்திரமாகிவிடும். ஒரே பிரார்த்தனை, திரும்பிய கை. கெட்ட கிளெரிக் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவாக எந்தப் பதிப்பும் சொல்லவில்லை என்பது என் எண்ணம்.

அடுத்து ஹாஃப்-ஆர்க். 1978-ல் வந்த அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஆட்டக்காரர் கையேட்டில் அவனை ஆடும் வாய்ப்பு வந்தது. அந்தப் புத்தகத்தில் மனிதரல்லாத இனங்களுக்குப் பல தொழில்களில் ஓர் உச்சவரம்பு வைத்திருப்பார் கைகாக்ஸ். ஹாஃப்-ஆர்க் கிளெரிக்குக்கு அது 4. நாலாவது லெவலுக்கு மேல் எவ்வளவு பிரார்த்தனை செய்தாலும் ஏற முடியாது. அதே ஹாஃப்-ஆர்க் அசாசின் ஆனால், அதாவது காசுக்குக் கொல்பவன் ஆனால், அவனுக்கு வரம்பே இல்லை.

இந்தப் பட்டியலை முதலில் பார்த்தபோது கோபம்தான் வந்தது. பிறகு பக்கத்தைப் புரட்டி மந்திரங்களைப் பார்த்தேன். காயம் ஆற்றுவது முதல் படி மந்திரம். நாலாவது லெவல்காரனுக்குக் கிடைக்கும். நோய் தீர்ப்பது மூன்றாவது படி மந்திரம். அது கிடைக்க ஐந்தாவது லெவல் வர வேண்டும். அப்படியானால் 1978 விதிப்படி ஒரு ஹாஃப்-ஆர்க் பூசாரி வாழ்நாள் முழுக்க வெட்டுக்காயத்துக்குக் கை வைக்கலாம், காய்ச்சலுக்கு வைக்க முடியாது. அவன் கண்முன்னால் யாராவது காய்ச்சலில் போனால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அந்த வில்லாளிப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தப் பட்டியலில் இருந்தது. அவனுடைய அம்மா காய்ச்சலில் செத்துப்போனாள்.

என் இரண்டாவது வில்லனை அங்கிருந்து தொடங்கினேன். அம்மா எல்லைச் சந்தையில் உப்பு விற்றவள். அவள் வைத்த பெயர் எட்ரிக். சின்ன வயதிலேயே கோயிலில் சேர்த்துவிட்டாள். பையன் கெட்டிக்காரன், பாசமானவன். கோயிலில் நாலாவது லெவல்வரை கற்றுக்கொடுத்தார்கள். ஐந்தாவது லெவலுக்கான ஏடுகள் ஓர் இரும்பு அலமாரியில் பூட்டியிருந்தன. உன் பிறப்புக்கு இதுவே அதிகம் என்றார்கள். (நாங்கள் ஆடுவது 2014 விதிப்படி. அதில் நோய் தீர்க்கும் மந்திரம் மூன்றாவது லெவலிலேயே கிடைத்துவிடும், இன வரம்பும் கிடையாது. அதனால் கோயில் அந்த மந்திரத்தை அவனுக்கு மட்டும் கற்றுத்தரவில்லை என்று கதையை மாற்றிக்கொண்டேன்.) அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அலமாரி பூட்டியே இருந்தது. சாவி வைத்திருந்தவர் யாத்திரை போயிருந்தார். மூன்றாம் நாள் அவள் இறந்தாள். அவளைப் புதைத்த இரவில்தான் இன்னொரு கடவுள் அவனோடு பேசினார்.

குரூம்ஷை வெறும் ரத்தவெறி பிடித்த சாமியாக எழுதாதீர்கள். 1980-ல் கடவுளர்களுக்கென்று வந்த புத்தகத்தில் அவர் இடம்பெற்றார். ஆனால் அவருக்கு ஒரு மனக்குறையைக் கொடுத்தவர் ரோஜர் மூர். 1982-ல் டிராகன் பத்திரிகையில் அவர் எழுதியதை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். உலகம் உண்டானதும் கடவுள்கள் சீட்டுக் குலுக்கி நிலத்தைப் பங்கு போட்டார்கள். மலை குள்ளர்களின் கடவுளுக்குப் போயிற்று, காடு எல்ஃப்களின் கடவுளுக்கு. ஒவ்வொருவரும் தங்கள் மக்களுக்கென்று ஓர் இடம் எடுத்துக்கொண்டார்கள். குரூம்ஷின் முறை வந்தபோது மிச்சம் எதுவும் இல்லை. மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் ஈட்டியை எடுத்து மலைகளைக் குத்திப் பிளந்து குகைகளை உண்டாக்கி, இனி என் மக்கள் இங்கே இருப்பார்கள், உங்களுடையதையும் எடுத்துக்கொள்வார்கள் என்று சூளுரைத்தார். பங்கு கிடைக்காதவனின் கடவுள் அவர். நாலாவது லெவலில் நிறுத்தப்பட்ட ஒருவன் நள்ளிரவில் இந்தக் கதையைக் கேட்டால் அது அவனுக்குச் சொந்தக் கதைபோல இருக்காதா? உங்கள் வில்லன் வாயிலிருந்து இந்தக் கதை வரும்போது, மேசையைச் சுற்றி இருப்பவர்களில் ஒருவராவது “அவன் சொல்றது நியாயந்தானே” என்று முணுமுணுக்க வேண்டும். அந்த முணுமுணுப்பு வராவிட்டால் இன்னும் எழுதுங்கள்.

நல்ல முன்மாதிரி வேண்டுமென்றால் ரிச் பர்லூ 2003-ல் தொடங்கிய தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக் என்ற படக்கதையில் ரெட்கிளோக் என்ற கோப்ளின் கிளெரிக்கைப் பாருங்கள். ஆர்க் இல்லை, ஆனாலும் நமக்கு வேண்டிய ஆள். புனிதப் போர்வீரர்கள் அவன் ஊரை அழித்தார்கள். அவன் வழக்கில் நியாயம் இருக்கிறது, அவன் எடுக்கும் முடிவுகளில் இல்லை. ஆர்க் என்றாலே கெட்டது என்பவர்களுக்கு இந்த ஆட்டத்தின் புத்தகங்களே பதில் வைத்திருக்கின்றன. 2004-ல் கீத் பேக்கர் எழுதிய எபெரான் உலகத்தில் கேட்கீப்பர்ஸ் என்ற ஆர்க் ட்ரூயிட்கள்தான் (இயற்கைப் பூசாரிகள்) வேற்றுலக அரக்கர்கள் உள்ளே வராமல் வாசல் காக்கிறார்கள்.

என் வில்லனுக்குத் திரும்ப வருகிறேன். எட்ரிக் ஆர்க்குகளிடம் போய் உர்காஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டான். ஒரு கண்ணைக் கடவுளுக்குக் கொடுத்தான். ஐந்தாவது லெவல் வந்தது. பிறகு எல்லையில் காய்ச்சல் பரவிய ஒரு மனித ஊருக்குத் தனியாக நடந்து வந்தான். என் ஆட்டக்காரர்கள் அந்த ஊருக்கு வந்தபோது அவன் அங்கே வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊரே அவனைக் கொண்டாடியது. காய்ச்சல் போயிருந்தது. கடவுளின் பெயரை அவன் சொல்லவில்லை, விழித்த கண் என்று மட்டும் சொல்லியிருந்தான். அவன் வீட்டில் விளக்கு இல்லை. ஹாஃப்-ஆர்க்குக்கு 60 அடிவரை இருட்டிலும் கண் தெரியும், அதனால் எண்ணெயை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவான். மிரட்டுவதில் ஹாஃப்-ஆர்க்குகளுக்கு இயல்பாகவே தேர்ச்சி உண்டு என்கிறது 2014 விதி. அதை ஊருக்குள் ஒரு தடவைகூட அவன் பயன்படுத்தக் கூடாது என்று என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடு போட்டு வைத்தேன். குரலை உயர்த்தவே மாட்டான். வயதான பெண்களை எல்லாம் “அம்மா” என்றுதான் கூப்பிடுவான்.

காசு வாங்கமாட்டான். குணமானவர்கள் ஒரு வாக்கு மட்டும் கொடுக்க வேண்டும்: நான் கூப்பிடும் நாளில் வருவேன். அந்த வாக்கை அவன் வாங்கும் இடத்தில்தான் ஆட்டக்காரர்களுக்கு முதல் சந்தேகம் வந்தது. உண்மை மட்டுமே பேச முடியும் ஒரு வட்டத்தை மந்திரத்தால் போட்டு, 15 அடி ஆரத்துக்குள் அவர்களை நிற்கவைத்து வாங்குவான். இந்த மந்திரத்தில் ஒரு நுணுக்கம்: யார் அதற்குக் கட்டுப்பட்டார்கள், யார் தப்பினார்கள் என்பது போட்டவனுக்குத் தெரிந்துவிடும். தப்பியவர்களிடம் அவன் ஒன்றும் சொல்லமாட்டான். சிரித்து அனுப்பிவிட்டு அவர்கள் பெயரைத் தனியே எழுதி வைத்துக்கொள்வான்.

வாக்கை நிறைவேற்றுமுன் இறந்தவர்களையும் அவன் விடவில்லை. ஊருக்கு மேலே மலையில் எட்டு எலும்புக்கூடுகள் இரவெல்லாம் பாறையைக் குடைந்துகொண்டிருந்தன. குரூம்ஷுக்கு ஒரு குகைக்கோயில். இதை ஆட்டக்காரர்கள் தூரத்திலிருந்து பார்த்தார்கள். ஆனாலும் அவர்களால் அவனை முழுசாக வெறுக்க முடியவில்லை. “செத்தவங்கதானே, உயிரோட இருக்கிறவங்களக் காப்பாத்துறான்ல” என்று ஒருவர் அவனுக்காக வாதாடினார். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

அதற்கடுத்த செஷனில் ஆற்றங்கரை. பட்டப்பகலில், மாவு ஆலையின் தண்ணீர்ச் சக்கரத்தருகே ஆறு வயதுச் சிறுமி தவறி விழுந்தாள். இழுத்துப் போடும்போது மூச்சில்லை. உர்காஷ் அங்கேயே இருந்தான். கழுத்தில் ஊரார் மாடுகளை விற்று வாங்கித் தந்த வைரம் தொங்கியது, 300 பொன் மதிப்பு. இறந்து ஒரு நிமிடத்துக்குள் உயிரைத் திருப்பும் மந்திரத்துக்கு அந்த வைரம்தான் வேண்டும். இப்படி ஒரு நாளுக்காகத்தான் அவர்கள் அதை வாங்கினார்கள். ஒரு நிமிடம் என்றால் நம் கணக்கில் 10 சுற்று. பத்துப் பகடைகளை மேசையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக ஓரமாகத் தள்ளினேன். உர்காஷ் வைரத்தைக் கையில் பிடித்தபடி மண்டியிட்டிருக்கிறான். அவன் உதடு அசைகிறது. பத்தாவது பகடையைத் தள்ளினேன். அவன் எழுந்து அந்தச் சிறுமியின் தாயிடம் சொன்னான்: “கண் மூடிக்கொண்டது, அம்மா.”

மேசையில் சத்தமே இல்லை. மந்திரவாதியாக ஆடிய தம்பி ஒரு பென்சிலை எடுத்துத் தன் தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டான். ஐந்தாவது லெவல் கிளெரிக்குக்கு ஒரு நாளைக்கு மூன்றாம் படி ஸ்லாட், அதாவது மந்திரம் போடும் வாய்ப்பு, இரண்டு. உயிர் திருப்பும் மந்திரம் மூன்றாம் படி. செத்தவர்களை எழுப்பி வேலை வாங்குவதும் மூன்றாம் படி. எழுப்பியவர்கள் 24 மணி நேரம்தான் கட்டுப்படுவார்கள், அதற்குள் மறுபடி மந்திரத்தைப் போட்டுப் பிடியைப் புதுப்பிக்க வேண்டும், ஒரு தடவைக்கு நான்கு பேர். மலையில் எட்டுப் பேர். எட்டுக்கு இரண்டு. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: “அவனால முடியாம இல்ல. சாயங்காலத்துக்காக மிச்சம் வெச்சிருந்தான்.”

தம்பி தங்கைகளே, வில்லன் பிறந்தது அந்த நொடியில். கோரைப்பல்லைப் பார்த்தோ பலிபீடத்தைப் பார்த்தோ வராத வெறுப்பு ஒரு ஸ்லாட் கணக்கில் வந்தது. பூட்டிய அலமாரிக்கு முன்னால் அம்மாவைப் பறிகொடுத்தவன், இன்னொரு தாய்க்கு முன்னால் தானே அலமாரியைப் பூட்டிக்கொண்டான். அந்த முடிவில் ஆர்க் ரத்தம் எங்கேயும் இல்லை. சாவியோடு யாத்திரை போயிருந்த அந்தக் கோயில் பெரியவரிடம் என்ன இருந்ததோ அதுதான் இவனிடமும் இருந்தது.

கடைசிச் சண்டை அடுத்த நாள் காலை மலையில் நடந்தது. ஊராரும் பின்னால் ஏறி வந்துவிட்டார்கள். அதுவரை ஊர் பார்க்க அவன் போடாமல் வைத்திருந்த ஒரு மந்திரம் உண்டு: தன்னைச் சுற்றிக் காவல் ஆவிகளை வரவழைப்பது. 2014 விதிப்படி நல்லவன் போட்டால் அவை தேவதைபோலத் தெரியும், கெட்டவன் போட்டால் பிசாசுபோல. வேறு வழியில்லாமல் போட்டான். ஊரார் பார்த்தார்கள். இரண்டு ஸ்லாட்டில் ஒன்று அதிலேயே போயிற்று. பிறகு அடி வாங்கி விழுந்தான், உடனே எழுந்தான். ஹாஃப்-ஆர்க் உடம்புக்கு அந்தச் சக்தி உண்டு, உயிர்ப்புள்ளி பூச்சியத்துக்குப் போனாலும் ஒரு தடவை 1-ல் நிற்கும். இரண்டு வருஷத்துக்கு முன் கொள்ளைக்காரர்களிடம் இப்படி விழுந்து எழுந்ததைத்தான் கடவுளின் அற்புதம் என்று ஊருக்குச் சொல்லியிருந்தான். மறுபடியும் சில பேர் மண்டியிட்டார்கள். அப்போது அந்த வில்லாளிப் பெண் (இந்த ஆட்டத்தில் அவள் பாலடின், அதாவது புனிதப் போர்வீரர்) வாளைத் தாழ்த்திவிட்டு உர்காஷிடம் சொன்னாள்: “இது உங்க சாமி குடுத்தது இல்ல. உங்க அப்பா குடுத்தது. அதைப் போய் ஒளிச்சு வெச்சீங்களே.”

இதை நான் எழுதி வைக்கவில்லை. அவனிடம் இருந்ததிலேயே சுத்தமானது அந்த ரத்தம்தான் என்பதை எனக்கு அவள்தான் காட்டினாள்.

அவனைக் கொல்லாமல் கட்டிப்போட்டார்கள். அப்போதுதான் மந்திரவாதித் தம்பிக்கு மாலைநேரக் கணக்கு நினைவுக்கு வந்தது. பொழுது சாய்ந்தால் எட்டுப் பேரும் பிடி விட்டு, கண்ணில் பட்ட உயிரை எல்லாம் தாக்குவார்கள். உர்காஷிடம் ஒரு ஸ்லாட் மிச்சம், அதை வைத்து நாலு பேரை மட்டும் பிடிக்கலாம். கட்டை அவிழ்த்து அவனைப் பிரார்த்தனை செய்ய விடுவதா? “விட்டால் நாலு பேரையாவது நான் நிறுத்துவேன்” என்றான் அவன். நிஜமாகவே இரண்டு மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் ஊருக்குள் ஆள் அனுப்பி, எட்டுப் பேரின் வீட்டாரையும் வரவழைத்தார்கள். ஒவ்வொருவரையும் அடையாளம் சொல்லவைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொன்றாக அடக்கி, இருட்டுமுன் எட்டுப் பேரையும் மண்ணில் சேர்த்தார்கள். நான் நடத்தியதிலேயே அதற்குச் சமமான செஷன் இன்னொன்று இல்லை. அதில் பாதி, விதிப் புத்தகத்தில் சும்மா கிடந்த ஒரு 24 மணி நேரக் கணக்கு தந்தது.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஹாஃப்-ஆர்க் என்றாலே ஒரு பெண்மீது நடந்த வன்முறையில் பிறந்தவன் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் பழைய ஆட்டங்களில் நிறைய இருந்தது. தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள். உங்கள் மேசையில் உட்காருபவர் எதைச் சுமந்துகொண்டு வருகிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. அதை வைத்து ஒரு வில்லனுக்கு ஆழம் தேடுவது அந்த ஆளுக்குச் செய்யும் கொடுமை. என் எட்ரிக்கின் அப்பா சந்தைக்குக் காவலாக வந்த ஆர்க். அவளும் அவனும் ஏழு வருஷம் ஒன்றாகக் குடும்பம் நடத்தினார்கள், பிறகு எல்லைச் சண்டையில் அவன் இறந்தான். இவ்வளவு போதும். ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் உட்கார்ந்து எது வேண்டும் எது வேண்டாம் என்று பேசிக்கொள்ளும் செஷன் ஜீரோவை விட்டுவிடாதீர்கள். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் அறிமுகப்படுத்திய எக்ஸ்-கார்டு முறையையும் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் என்று எழுதிய ஓர் அட்டை மேசை நடுவில் இருக்கும், யார் அதைத் தொட்டாலும் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை மாற்றிவிட வேண்டும். குழந்தை இறக்கும் காட்சி வரலாம் என்று நானும் முன்கூட்டியே சொல்லி, எல்லோரும் தலையாட்டிய பிறகுதான் வைத்தேன்.

2024-ல் வந்த புதிய ஆட்டக்காரர் கையேட்டில் ஹாஃப்-ஆர்க் இல்லை. ஆர்க் இருக்கிறார், பாதி ரத்தம் என்ற பேச்சு போய்விட்டது. அந்த முடிவை நான் மதிக்கிறேன். ஆனால் 2014 புத்தகம் உங்களில் பலர் கையில் இன்னும் இருக்கிறது, அவனும் உங்கள் நோட்டுகளில் வந்துகொண்டேதான் இருக்கிறான். வரட்டும். இரண்டு உலகத்திலும் வாசலில் நிறுத்தப்பட்டவனின் கதையைச் சொல்ல அவனைவிடப் பொருத்தமான ஆள் இந்த ஆட்டத்தில் இல்லை.

கட்டிப்போட்ட பிறகு ஊரார் புதைகுழி வெட்டிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் உர்காஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “உங்க அம்மா பேரு என்ன?” என்று கேட்டாள். இந்தத் தடவை என்னிடம் பதில் இருந்தது. ஹில்டா என்றேன். அவள் அதைத் தன் கேரக்டர் தாளில் எழுதிக்கொண்டாள்.

உங்கள் ஆட்டத்திலும் யாராவது கேட்பார்கள். முதல் செஷனுக்கு முன்பே அந்தப் பெயரை எழுதி வைத்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்